எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ: எங்கே கைதட்டுவது?

கேள்வி: ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை, அதாவது வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ தனித்து முன்னிற்க ஆர்கெஸ்ட்ரா துணைவரும் படைப்பை, முதன்முறையாக அரங்கில் கேட்கப் போகிறேன். நான்கு பகுதிகள் என்கிறார்கள். எது எங்கே முடிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே ஒற்றைச் செல்லோ காதில் விழுமா?

பதில்: நன்றாகவே விழும். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. செல்லோ ஒலிக்கும் நடு, கீழ் ஸ்தாயிகளில்தான் ஹார்ன், பஸூன், டிராம்போன் ஆகிய ஊது வாத்தியங்கள் எல்லாமே ஒலிக்கின்றன. வயலினைப் போல மேலே ஏறித் தப்பிக்க அதற்கு அவ்வளவு வசதி இல்லை. எல்கர் மேடையில் நிறைய வாத்தியங்களை வைத்திருக்கிறார்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் தலா இரண்டு, நான்கு ஹார்ன், இரண்டு டிரம்பெட், மூன்று டிராம்போன், விரும்பினால் ஒரு டூபா, டிம்பனி என்ற முரசுகள், தந்தி வாத்தியங்கள். ஆனால் எல்லோரையும் ஒருசேர வாசிக்கவிடுவது அபூர்வம். செல்லோ பாடும்போது மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். இந்த அடக்கம்தான் இந்தப் படைப்பின் பெரிய அழகு என்பேன்.

தொடக்கத்திலேயே அதைக் கேட்கலாம். செல்லோ தனியாகக் கனத்த நான்கு நாதக்கோவைகளை (பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிப்பவை) இழுக்கும். சற்றுப் பொறுத்து வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் மட்டும், எந்தத் துணையும் இல்லாமல், முக்கிய மெட்டை எடுக்கும். அதன் பிறகுதான் செல்லோ அதை வாங்கிக்கொள்ளும்.

முதல் பகுதிக்கும் இரண்டாவதற்கும் இடையே நிறுத்தம் கிடையாது. செல்லோ தந்திகளை விரலால் மீட்டுவது கேட்டால் அடுத்தது வந்துவிட்டது; பிறகு வேகமான, படபடக்கும் ஸ்வரங்கள். அது முடிந்தபின் சிறு இடைவெளி வரும். மூன்றாவது மெதுவானது, குறுகியது; டிரம்பெட், டிராம்போன், டிம்பனி எதுவும் இல்லை. அது முழுமையாக முடியாமல் தொக்கி நிற்கும்போதே நான்காவது தொடங்கிவிடும்.

கவனமாக இருக்கவேண்டிய இடம் கடைசிப் பகுதி. வேகம் தணிந்து, மூன்றாம் பகுதியின் மெட்டு நினைவுபோல் வரும். தொடக்க நாதக்கோவைகளும் திரும்பும். முடிந்தது என்று தோன்றும், முடியவில்லை. திடீரென வேகமெடுத்துச் சில நொடிகளில் ஓங்கி முடியும். அப்போது கைதட்டுங்கள். மொத்தம் அரை மணி நேரம்.

போவதற்கு முன், செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே 1965இல் இசை நடத்துநர் பார்பிரோலியின் தலைமையில் வாசித்த பதிவைக் கேட்டுவிடுங்கள். 1919 அக்டோபர் 27 அன்று லண்டன் குவீன்ஸ் ஹாலில் இந்தக் கான்செர்ட்டோ அரங்கேறியபோது ஒத்திகைக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை, வரவேற்பும் குறைவு. அன்று செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்த இளைஞர்களில் ஒருவர் இதே பார்பிரோலி.