அறிவியல் ஆசிரியர் கல்வி ஆராய்ச்சிக்கு வருவது எப்படி? கேள்வி பதில்

பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு, பின்னர் அறிவியல் கல்வியில் முனைவர் பட்டம் பெற்றவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, பதினோரு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆராய்ச்சிக்குத் தலைப்பு எங்கே கிடைக்கும்?

பதில்: உங்கள் விடைத்தாள் கட்டிலேயே இருக்கிறது, அம்மா. நான் மின்சுற்று நடத்திய வகுப்பில் ஒரு மாணவி, மின்கலத்திலிருந்து பல்புக்குச் செல்லும் கம்பியில் நான்கு அம்புக்குறிகளையும், திரும்பி வரும் கம்பியில் இரண்டை மட்டுமே வரைந்திருந்தாள். சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். பல்பில் செலவாவது ஆற்றலே, மின்னோட்டம் குறைவதில்லை என்று அடுத்த நாள் விளக்கவும் செய்தேன்; ஆனால் ஏன் அப்படி வரைந்தாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. மின்னோட்டம் பல்பில் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பல நாட்டு மாணவர்களிடம் ஆய்வுகளில் பதிவாகியிருப்பதைப் பின்னர்தான் படித்தேன். பிரிட்டனில் ஆசிரியப் பணியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ரோசலிண்ட் டிரைவர், 1980-களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இத்தகைய விடைகளைப் பிள்ளைகள் தாமே கட்டியெழுப்பிய விளக்கங்களாகக் கொண்டு ஆராய்ந்தார். ஆகவே ஒரு குறிப்பேடு வைத்து, பிள்ளைகள் சொல்வதைத் திருத்தாமல் அவர்கள் சொற்களிலேயே எழுதி வாருங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன், எம்.எட். இல்லை. எங்கே சேரலாம்?

பதில்: கல்வியியல் துறைகளில் பெரும்பாலும் எம்.எட். கேட்பார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாக 1974-இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், அறிவியல் முதுகலைப் பட்டதாரிகளையும் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: வேலையை விட முடியாத குடும்பச் சூழல். வழி உண்டா?

பதில்: உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் பகுதி நேர ஆய்வை அனுமதிக்கின்றன. பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வை முடிக்கக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். சான்றுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், தாமதம் பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: பட்டம் இல்லாமல் பள்ளியிலிருந்தே ஆராய இயலாதா?

பதில்: இயலும். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வந்தது, எது வரவில்லை என்று சொன்னார்கள். பாடங்கள் அதற்கேற்பத் திருத்தப்பட்டன. உங்கள் ஒன்றியத்தில் ஐந்து பேர் சேர்ந்து, ஒரே பாடத்துக்கான விடைத்தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.