'மற்றவை' பெட்டிக்குள் யார் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹோட்டலில் சாப்பிட்டு வாங்கிய பில்லில் 996331 என்று ஓர் எண் இருந்தது. கல்லாவில் கேட்டால் "அது ஜி.எஸ்.டி. நம்பர் சார்" என்கிறார்கள். கடையின் ஜி.எஸ்.டி. பதிவு எண்தான் மேலே தனியாக இருக்கிறதே, அப்புறம் இது என்ன?
– வாசகர், திருச்சி

அது கடையின் எண் இல்லை, உங்களுக்குச் சமைத்துப் பரிமாறிய சேவையின் எண். முன்னால் இருக்கும் 99-ஐ எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள், 6331. ஐ.நா. வைத்திருக்கும் 'மையப் பொருள் வகைப்பாடு' என்ற பட்டியலில், சி.பி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள், 63 என்றால் தங்குமிடமும் சாப்பாடும், 633 என்றால் சாப்பாடு பரிமாறுவது, 6331 என்றால் உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சேவைகளுக்கான எண்களை இந்தியா இந்தப் பட்டியலை அடியொற்றித்தான் அமைத்தது. பொருட்களுக்கான உலகப் பட்டியல் 97 அத்தியாயங்களோடு முடிந்துவிடுவதால் சேவைகளுக்கு 99 என்று முன்னால் போட்டுக்கொண்டார்கள். வரி எத்தனை சதவீதம் என்பதை ஐ.நா. முடிவு செய்வதில்லை, அது ஜி.எஸ்.டி. கவுன்சிலின் வேலை.

சி.பி.சி.யில் 0 முதல் 9 வரை பத்துப் பிரிவுகள். 0 முதல் 4 வரை நெல், மீன், தாது, துணி, இயந்திரம் என்று கையில் எடுக்கக்கூடியவை. 5 கட்டுமானம். 6-லிருந்து 9 வரை சேவைகள். ஒவ்வொரு படியாக இறங்க இறங்க ஓர் இலக்கம் கூடும், ஐந்தாவது இலக்கத்தில் நிற்கும். இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி இலக்கம் 9 என்றால் பெரும்பாலும் அது 'மற்றவை'. எங்கும் இடம் கிடைக்காதவை போய்ச் சேரும் பெட்டி. இந்தப் பட்டியல்களை ஏன் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்குப் பாதிப் பதில் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: உலக நாடுகள் எல்லாம் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்ட பட்டியலை அப்படியே விட்டால் என்ன? சில வருஷத்துக்கு ஒருமுறை எண்ணை மாற்றினால் எங்களைப் போன்ற ஏற்றுமதியாளர்களுக்கு எவ்வளவு வேலை தெரியுமா?
– வாசகர், திருப்பூர்

தெரியும். பில்லிங் மென்பொருளில் இருந்து கப்பல் பத்திரம் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஓர் இலக்கம் தப்பினால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும். உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் மாற்றாமல் இருக்க முடியாது என்றுதான் நான் சொல்வேன்.

நீங்கள் பயன்படுத்தும் ஹெச்.எஸ்., அதாவது மேலே சொன்ன பொருட்களுக்கான உலகப் பட்டியல், நம் ஊரில் ஹெச்.எஸ்.என்., உலக சுங்க அமைப்பினுடையது. 1988-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு டிரோன் என்று ஒரு பொருள் கடையில் கிடையாது. பிறகு வந்தபோது இதை எதில் சேர்ப்பது? பறக்கிறது, அதனால் விமானமா? கேமரா இருக்கிறது, அதனால் கேமராவா? குழந்தை விளையாடுகிறது, அதனால் பொம்மையா? எந்த எண் என்பதைப் பொறுத்து வரி மாறும் என்பதால் இது வெறும் பட்டிமன்றம் இல்லை. 2022 திருத்தத்தில் 8806 என்று டிரோனுக்குத் தனித் தலைப்பே கொடுத்த பிறகுதான் தெளிவு வந்தது. அதே திருத்தத்தில் மின்னணுக் கழிவுக்கு 8549 கிடைத்தது. எந்த நாடு தன் பழைய கம்ப்யூட்டர் குப்பையை எந்த நாட்டுத் தலையில் கட்டுகிறது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் அந்தக் குப்பைக்கு ஓர் எண் வேண்டும். அது இல்லாத காலத்தில் உடைந்த மானிட்டர் போன்றவை வேறு வேறு தலைப்புகளுக்குள் ஒளிந்துகொண்டு போய்வந்தன.

புது வரவு இருப்பது போல வெளியேற்றமும் உண்டு. பள்ளிக்கூட மேசையில் சுழற்றுவோமே பூகோள உருண்டை, அதற்கு 4905.10 என்று தனி எண் இருந்தது, 2022-ல் போய்விட்டது. இப்போது அது வரைபடங்களோடு சேர்ந்து 'மற்றவை'.

அடுத்த ஹெச்.எஸ். திருத்தம் 2028 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வருகிறது. மென்பொருளை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஆய்வுக்காக இந்தியாவின் ஸ்மார்ட்போன் ஏற்றுமதியைப் பத்து வருஷத்துக்கு எடுக்கிறேன். 851713 என்ற எண்ணில் தேடினால் 2021 வரை ஒன்றுமே இல்லை! தரவு காணாமல் போய்விட்டதா?
– வாசகி, மதுரை

காணாமல் போகவில்லை அம்மா, முகவரி மாறிவிட்டது. இந்தத் தவறைச் செய்து கட்டுரையே எழுதிவிடுகிறவர்கள் உண்டு, நீங்கள் நின்று கேட்டது பெரிய விஷயம்.

2021 வரை செல்போன் எல்லாம் 8517.12 என்ற ஒரே எண்ணில் இருந்தது, பட்டன் போனும் தொடுதிரை போனும் ஒன்றாக. 2022 திருத்தம் அதை இரண்டாக உடைத்தது: 8517.13 ஸ்மார்ட்போன், 8517.14 மற்ற செல்போன்கள். ஆகவே புது எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 2021-ல் ஸ்மார்ட்போனே ஏற்றுமதியாகவில்லை என்று தோன்றும். பழைய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தால் 2022-ல் இந்தியா செல்போன் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது என்று தோன்றும். இரண்டுமே பொய்.

செய்ய வேண்டியது, 2022-க்குப் பிறகான வருஷங்களில் 13-ஐயும் 14-ஐயும் கூட்டி, அதைப் பழைய 12-ஓடு ஒப்பிடுங்கள். அப்போது உங்கள் தலைப்பு 'ஸ்மார்ட்போன்' என்பதிலிருந்து 'செல்போன்' என்று விரியும். அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டிய குறை இல்லை அது. இது சுலபமான வழக்கு, ஒன்று இரண்டானது. சில இடங்களில் மூன்று பழைய எண்களின் துண்டுகள் சேர்ந்து இரண்டு புது எண்களாகியிருக்கும், அங்கே எந்தத் துண்டு எவ்வளவு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய எண்ணையும் புது எண்ணையும் எதிரெதிரே வைத்த அட்டவணையை ஒவ்வொரு திருத்தத்தோடும் வெளியிடுகிறார்கள், சி.பி.சி.க்கும் அப்படியே. அதை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தரவு அப்புறம்.

கேள்வி: பட்டுப்புடவைக்கு உலகப் பட்டியலில் தனி எண் உண்டா?
– வாசகர், காஞ்சிபுரம்

இல்லை. உலகப் பட்டியலான ஹெச்.எஸ். ஆறு இலக்கம்தான். அதில் 5007.20 என்பது 85 சதவீதமோ அதற்கு மேலோ பட்டு உள்ள துணி. அதற்குக் கீழே மேலும் இலக்கங்கள் சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. இந்தியா அங்கேதான் இரண்டு இலக்கம் சேர்த்து 5007 20 10 என்று சேலைக்கு இடம் வைத்திருக்கிறது. புடவை உடுத்தும் நாடு தனக்குத்தானே போட்டுக்கொண்ட எண் அது, எனக்கு அது சரியாகவே படுகிறது.

கேள்வி: புதுப் பதிப்பு வந்தால் பழையது செல்லாதுதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

அப்படித்தான் எல்லோரும் நினைப்போம். சி.பி.சி.யின் தற்காலிகப் பதிப்பு 1991-ல் வெளியானது. 1998-ல் 1.0 வந்தது, அப்புறம் 1.1, 2008-ல் 2, 2015-ல் 2.1, இப்போது 3.0 வரை வந்தாயிற்று. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தத்தில் நாடுகள் வாக்குறுதி கொடுத்தபோது கையில் இருந்தது அந்தத் தற்காலிகப் பதிப்புதான். வாக்குறுதி அதன் எண்களை வைத்தே நின்றுவிட்டது.

விளைவைப் பாருங்கள். ஆன்டிகுவா பார்புடா என்ற குட்டித் தீவு நாடு 2003-ல் அமெரிக்கா மேல் வழக்குப் போட்டது, இணையச் சூதாட்டத்தை அமெரிக்கா தடுக்கிறது, இது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று. அமெரிக்கா எழுதிக் கொடுத்திருந்த வாசகம் 'விளையாட்டு நீங்கலாக மற்றப் பொழுதுபோக்குச் சேவைகள்'. சூதாட்டமும் விளையாட்டுக்குள் அடங்கும், அதனால் நாங்கள் அதை விலக்கிவிட்டோம் என்று வாதாடினார்கள். பழைய சி.பி.சி.யைத் திறந்து பார்த்தால் விளையாட்டு 9641-ல், சூதாட்டமோ 96492-ல், அதாவது 'மற்றப் பொழுதுபோக்கு' என்ற தலைப்புக்குக் கீழே. அமெரிக்காவின் வாக்குறுதி சூதாட்டத்தையும் சேர்த்துத்தான் என்று 2005-ல் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது. பல வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கூட்டத்தில் எதை எதற்குக் கீழே போடலாம் என்று பேசி முடித்த ஒரு வரி, ஒரு வல்லரசையே கட்டிப்போட்டது.

கேள்வி: காலை ஐந்து மணிக்கு எழுந்து ராத்திரி வரை வீட்டில் நான் செய்யும் வேலைக்கு இந்தப் பட்டியலில் எண் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் முழுக்க இதே விஷயத்தை எடுத்தேன். உங்கள் வீட்டில் சம்பளத்துக்கு ஒருவர் வந்து சமைத்தால் சி.பி.சி.யில் எண் உண்டு, 98, வீட்டுப்பணிச் சேவை. அதே சமையலை நீங்கள் செய்தால் நாட்டின் உற்பத்திக் கணக்கின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. 'மற்றவை' பெட்டியில்கூட இடம் இல்லை. இது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

ஆனால் வேறொரு பட்டியல் இருக்கிறது. மனிதர்கள் நேரத்தை எதில் செலவிடுகிறார்கள் என்பதற்கான சர்வதேச வகைப்பாடு, 2016-ல் வந்தது, ஒன்பது பெரும் பிரிவுகள். வீட்டாருக்காகச் சம்பளமில்லாமல் செய்யும் வேலை மூன்றாவது, பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது நான்காவது. அதை வைத்துத்தான் இந்தியா 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் செலவிடுவது நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் என்றும் ஆண்கள் 97 நிமிடம் என்றும் வந்தது. 2024-ல் மறுபடியும் எடுத்தார்கள். உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் வந்தால் "சும்மாதான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், காலை ஐந்து மணியிலிருந்து அரை மணி அரை மணியாகச் சொல்லுங்கள், அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.