மூன்று சக்கரக் குழந்தை வண்டி: முன்சக்கரத்தைப் பார்த்து வாங்குங்கள்

லண்டன் ஹாரோவில் குழந்தை வண்டிகள் விற்கும் ஒரு கடையில், பழுதுபார்க்கும் மேசையில் ஒன்பது வருடம் இருந்தேன். என் இரண்டு பிள்ளைகளையும் மூன்று சக்கர வண்டியில் தள்ளித்தான் வளர்த்தேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். ஸ்ட்ரோலர், பக்கி, புஷ்சேர், பிராம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறீர்கள். நான் வண்டி என்றே எழுதுகிறேன்.

கேள்வி (ஐந்து மாதக் குழந்தையின் அப்பா, வேளச்சேரி): மூன்று சக்கரம் என்றதும் வீட்டில் எல்லோரும் கவிழ்ந்துவிடும் என்கிறார்கள். நாலு சக்கரம்தானே பத்திரம்?

பதில்: மேடு பள்ளமான தரையில் ஒரு முக்காலியையும் ஒரு நாற்காலியையும் போட்டுப் பாருங்கள். நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று கால் எப்படிப் போட்டாலும் தரையைத் தொட்டுவிடும். வண்டியும் அப்படித்தான். கல் பாவிய பாதையில் நாலு சக்கர வண்டியின் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், கைப்பிடி ஒரு பக்கமாகத் திருகும். மூன்று சக்கரத்தில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் வீட்டாரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வேகமாகத் திரும்பும் ஆட்டோவில் உட்கார்ந்தவருக்கு அது தெரியும். பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று என்றால் தரையில் ஒரு முக்கோணம். பாரம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். முன்பக்கம் போகப் போக முக்கோணம் ஒடுங்குகிறது. அதனால் குழந்தை கால்பலகையில் ஏறி நின்று பக்கவாட்டில் சாய்வதுதான் ஆபத்து. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று பிடிக்கும் ஐந்து முனை பெல்ட்டைப் பக்கத்துக் கடைக்குப் போனாலும் போடுங்கள். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள், கீழ்க்கூடையில் வையுங்கள். குழந்தையைத் தூக்கிய மறுகணம் அந்தப் பை வண்டியைப் பின்னால் சாய்த்துவிடும்.

ஐரோப்பாவில் விற்கும் வண்டியில் ஈஎன் 1888 என்ற தர எண்ணைத் தேடுங்கள். சாய்தளத்தில் நிறுத்திக் கவிழ்கிறதா என்று பார்ப்பதும் அந்தச் சோதனைகளில் ஒன்று. அதன் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைக்கு, இரண்டாவது 22 கிலோ வரை. எது பொருந்துகிறது என்பதைக் கையேட்டில் போட்டிருப்பார்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ஒரு கடையில் முன்சக்கரம் சுழல வேண்டும் என்கிறார்கள், இன்னொரு கடையில் சுழலக் கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நீங்கள் எங்கே தள்ளப்போகிறீர்கள் என்பதை இரண்டு பேருமே கேட்கவில்லை.

இந்த வண்டி பிறந்ததே ஓட்டத்துக்காக. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா என்ற ஊரில் ஃபில் பேக்லர் என்ற பத்திரிகைக்காரர் இருந்தார். மகனையும் கூட்டிக்கொண்டு ஓட ஆசைப்பட்டு, சாதாரணக் குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டினார். 1984-இல் அதையே தொழிலாகத் தொடங்கினார். பேபி ஜாகர் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்த வண்டியின் முன்சக்கரம் சைக்கிளின் பின்சக்கரம் போல, நேராக மட்டுமே உருளும். சூப்பர் மார்க்கெட் ட்ராலியை வேகமாகத் தள்ளினால் முன்சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டத்தில் அது நடந்தால் குழந்தையோடு வண்டி கவிழும். அதனால்தான் நிலைச்சக்கரம்.

அதே சக்கரத்தோடு கடைக்குள் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியை அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது முறை செய்தால் மணிக்கட்டு வலிக்கும். பிரசவம் முடிந்து மூன்று மாதம் ஆன அம்மாவுக்கு அது சின்ன வேலை இல்லை.

ஆக, பெரும்பாலோருக்கு ஏற்றது சுழலவும் வேண்டும், தேவைப்பட்டால் பூட்டவும் வேண்டும் என்ற வகை. கடையில் வாங்கும்போது பூட்டைக் குனியாமல் போட முடிகிறதா, பூட்டிய பிறகு சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வண்டியைத் தள்ளிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. நான் கடையில் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றை வைத்திருந்தேன். அதை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, ஒரு கையால் எட்டு வடிவத்தில் தள்ளச் சொல்வேன். ஒரு கையால் நேராகப் போகாத வண்டியை வாங்க வேண்டாம். மறு கையில் பால் புட்டி, குடை, மூத்த பிள்ளையின் விரல் என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும்.

கேள்வி (ஸ்கார்பரோ, டொராண்டோ): பனிக்காலத்துக்கு மூன்று சக்கரம் நல்லது என்கிறார்களே?

பதில்: காற்றடைத்த பெரிய சக்கரமாக இருந்தால் நல்லது. சின்னச் சக்கரம் இரண்டு முன்னால் இருந்தால் இரண்டும் பனியை உழும். ஒற்றைச் சக்கரம் ஒரே தடம் வெட்டிக்கொண்டு போகும். பனியில் முன்சக்கரத்தைக் கட்டாயம் பூட்டுங்கள், இல்லாவிட்டால் குறுக்கே திரும்பி நின்றுவிடும். அப்படியும் சிக்கினால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள், வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சாலையில் தூவிய உப்பு படிந்த சக்கரங்களையும் அவற்றின் அச்சான ஆக்ஸிலையும் வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். உப்பில் அரித்த ஆக்ஸில்கள் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி (குரோய்டன்): குழந்தைக்கு நாலு மாதம். எப்போது முதல் தள்ளிக்கொண்டு ஓடலாம்?

பதில்: இப்போது வேண்டாம். ஓட்டத்தின் அதிர்வைத் தாங்கக் கழுத்து நன்றாக நின்றிருக்க வேண்டும். பல நிறுவனங்கள் ஆறு மாதம் என்றும், சில எட்டு மாதம் என்றும் கையேட்டில் எழுதுகின்றன. இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். அதுவரை நடக்கலாம். நடப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: தானாக உட்காராத குழந்தைக்கு முழுக்கப் படுக்கும் இருக்கையோ தொட்டிலோ வேண்டும். எல்லா மூன்று சக்கர வண்டியும் அந்த அளவுக்குச் சாயாது. குழந்தைக்கான கார் இருக்கையை வண்டிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு ஓடவே கூடாது.

ஓடும்போது முன்சக்கரம் பூட்டியிருக்க வேண்டும், கைப்பட்டை மணிக்கட்டில் இருக்க வேண்டும். சரிவில் கைப்பிடி நழுவினால் வண்டியைப் பிடிக்க அந்த ஒரு பட்டைதான் இருக்கிறது. பெயரில் "ஜாகர்" என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஓடலாமா கூடாதா என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கும். மூன்று சக்கரம் இருந்தும் ஓட்டத்துக்கு ஆகாத வண்டிகள் நிறைய.

கேள்வி (லெஸ்டர்): முன்சக்கரம் கழன்று விபத்து என்று படித்தேன். நிஜமா?

பதில்: நிஜம். 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஓட்ட வண்டிகள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் மீது வழக்குத் தொடுத்தது. முன்சக்கரம் கழன்றதாகச் சுமார் 200 புகார்கள் வந்திருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

குயிக் ரிலீஸ் லீவர், அதாவது கருவி இல்லாமல் சக்கரத்தைக் கழற்றி மாட்ட உதவும் சின்னக் கைப்பிடி, உள்ள எல்லா வண்டிக்கும் இந்தப் பாடம் பொருந்தும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மழை நாளில் ஒரு அம்மா வண்டியைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே கடைக்கு வந்தார். முன்சக்கரம் இடதுபக்கம் சாய்ந்து, அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவட்டையான ஃபோர்க்கில் உரசிக்கொண்டிருந்தது. "நன்றாகத்தான் இறுக்கினேன்" என்றார். எப்படி என்று செய்துகாட்டச் சொன்னேன். லீவரைத் திருகாணி போலச் சுற்றிச் சுற்றி இறுக்கினார். தவறு அதுதான். லீவர் சுற்றுவதற்கு இல்லை, மடக்குவதற்கு.

முதலில் சக்கரத்தை ஃபோர்க்கின் இரண்டு பள்ளத்திலும் கடைசி வரை உட்கார வையுங்கள். லீவரைத் திறந்து வைத்து, எதிர்ப்பக்க நட்டை விரலால் இறுக்குங்கள். இப்போது லீவரை மடக்கினால், அது நேராக வெளியே நீட்டி நிற்கும் பாதித் தூரத்திலேயே கையை எதிர்க்க வேண்டும். முழுக்க மடக்கிய பிறகு உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு மடங்கினால் திறந்து, நட்டை இன்னும் கால் சுற்று இறுக்குங்கள். அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் தலையில் கை முஷ்டியால் இரண்டு குத்து. கீழே இறங்கக் கூடாது, ஆடக் கூடாது. காரிலிருந்து எடுத்துப் பூட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். பத்து விநாடிகூட ஆகாது.

கேள்வி (கோயம்புத்தூர்): காற்றடைத்த டயரா, காற்றே வேண்டாத டயரா? பங்சர் ஆனால் இங்கே யார் பார்ப்பார்கள்?

பதில்: ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் மட்டும் தள்ளுவீர்கள் என்றால் காற்று வேண்டாத ஃபோம் டயரே போதும். தார் உடைந்த தெரு, ஜல்லி, மண் பாதை என்றால் காற்று டயர்தான். குழந்தை தூங்கிக்கொண்டே வரும், அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

பங்சரைப் பற்றிக் கவலையே வேண்டாம். டயரின் ஓரத்தில் பெரும்பாலும் 12½ × 2¼ என்று போட்டிருக்கும். குழந்தைகள் ஓட்டும் 12 அங்குல சைக்கிளுக்கும் அதே அளவு ட்யூப் உண்டு. பெரிய பின்சக்கரம் என்றால் 16 அங்குலம், அதுவும் சிறுவர் சைக்கிள் அளவுதான். சைக்கிள் கடையில் கிடைக்கும், தெருமுனைப் பங்சர் கடையிலேயே ஒட்டித் தருவார்கள். காற்றை மட்டும் பெட்ரோல் பங்க் இயந்திரத்தில் அடிக்க வேண்டாம். என் கணவர் அப்படித்தான் அடித்தார், இரண்டு விநாடியில் ட்யூப் வெடித்து மகள் வீறிட்டு அழுதாள். இவ்வளவு சின்ன ட்யூபுக்கு அந்த வேகம் ஆகாது. கைப்பம்பில், டயரின் ஓரத்தில் எழுதியுள்ள அழுத்தத்தைத் தாண்டாமல் அடியுங்கள்.

கேள்வி (வெம்பிளி, இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை): தினமும் பஸ்ஸில் போகிறேன். மூன்று சக்கரம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விற்கும் இடத்தில் இருந்தபோதும் இதைத்தான் சொன்னேன். நல்ல மூன்று சக்கர வண்டி 10 முதல் 12 கிலோ இருக்கும், மடித்தாலும் பெரிது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் அது என்று இரண்டு மாடி ஏற முடியாது. பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கான இடத்தில்தான் வண்டியை நிறுத்துகிறோம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் மடித்து இடம் விட வேண்டும், அது அவர் இடம். ஒரு கையால் மடியும் வண்டிதான் உங்களுக்கு வேண்டும். ஓவன் மக்ளாரன் என்ற விமானப் பொறியாளர் 1965-இல் குடை போல மடியும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். இன்றைக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்த வகைதான் சரி. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் முழுக்கச் சாயும் மாதிரியாகப் பாருங்கள்.

சென்னையிலிருந்து கேட்ட பலருக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். உங்கள் தெருவில் நடைபாதை இருக்கிறதா, இருந்தால் அதில் பைக் நிற்கிறதா, விளிம்பு எவ்வளவு உயரம் என்று ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலோ பாண்டி பஜாரிலோ தினமும் நடப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். அதற்கு முன் லிஃப்ட் கதவையும் வாசற்படியையும் அளந்துகொள்ளுங்கள். முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் இடைவெளியில் நுழைந்துவிடும் போலத் தோன்றும், பின்சக்கரம்தான் நிலையில் போய் இடிக்கும். அளக்க வேண்டியது பின்சக்கரங்களின் வெளி அகலத்தை. காரில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் டிக்கியையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): வெயிலுக்குத் துணி போட்டு மூடலாமா?

பதில்: கூடாது. 2014-இல் ஸ்வீடன் நாளிதழ் ஒன்று சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணியால் மூடி அரை மணி நேரத்தில் 34, ஒரு மணி நேரத்தில் 37. அதுவும் ஸ்வீடன் வெயிலில். கூரை முகம் வரை நீளும், பின்னால் வலைச் சன்னல் உள்ள வண்டியாக வாங்குங்கள். பஸ்ஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2017 முதல் உங்கள் ஊர்ப் பஸ்களில் மடிக்காமலே ஏற்றலாம். கூட்டம் இருந்தால் மடிக்கத்தான் வேண்டும்.

கேள்வி (மிட்சம், லண்டன்): தெரிந்தவர் பழைய வண்டி தருகிறார். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மாடலையும் தயாரித்த தேதியையும் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்த்து, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பிரேக் போட்டுத் தள்ளுங்கள், இரண்டு பின்சக்கரமும் நிற்க வேண்டும். மடிப்புப் பூட்டைப் போட்டு, கைப்பிடியில் உங்கள் பாரத்தை இறக்குங்கள். பெல்ட் கொக்கி பழசாகித் தானே திறந்தால் வாங்காதீர்கள். துணி அழுக்கானால் துவைக்கலாம், டயர் தேய்ந்தால் மாற்றலாம். சட்டத்தில் விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி (பாளையங்கோட்டை, ஒரு தாத்தா): எங்கள் காலத்து மூன்று சக்கர நடைவண்டி பேரனுக்கு வாங்கலாமா, அதுவும் ஆபத்தா?

பதில்: தாராளமாக வாங்குங்கள் ஐயா. பிள்ளை எழுந்து நின்று தானே தள்ளிக்கொண்டு போகும் மரவண்டி அது, நானும் அதில்தான் நடந்தேன். கனடா 2004-இல் தடை செய்தது வேறு: குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருளவிடும் வாக்கர். நடைவண்டியைப் படிக்கட்டு இல்லாத இடத்தில் கொடுத்து, கூடவே நடங்கள்.

கேள்வி (ஹெண்டன்): வாங்கி ஒரு வருடம்தான். முன்சக்கரம் திரும்பாமல் முரண்டு பிடிக்கிறது. பேரிங் போய்விட்டதா?

பதில்: பேரிங் போவது அபூர்வம். சக்கரத்தைக் கழற்றி ஆக்ஸிலின் இரண்டு முனையையும் பாருங்கள். தலைமுடியும் கம்பளி நூலும் கயிறு போல முறுக்கிச் சுற்றியிருக்கும். தையல் பிரிக்கும் ஊசியால் குறுக்கே அறுத்து, இடுக்கியால் இழுத்து எடுங்கள். துடைத்துவிட்டு ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விடுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறமும் முரண்டு பிடித்தால் பேரிங்கை மாற்றலாம். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது, மேலே லெஸ்டர் கேள்விக்குச் சொன்னபடி லீவரை மடக்கி, இரண்டு குத்து குத்திப் பாருங்கள்.