ராப் வரிகளில் சிலேடையும் உருவகமும்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, 'ரியல் ஜீஸ் மூவ் இன் சைலன்ஸ் லைக் லசான்யா'ன்னு லில் வெய்ன் பாடுறாரே, லசான்யா சாப்பிடற ஐட்டம்தானே? அதுக்கும் சைலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: 2010இல் வந்த '6 ஃபுட் 7 ஃபுட்' பாட்டு. லசான்யாவை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் 'ஜி' இருக்கும், ஆனால் அந்த எழுத்தின் ஓசை வாயில் வராது. தெருப் பேச்சில் 'ஜி' என்றால் கேங்ஸ்டர். நிஜமான ஆள் சத்தமில்லாமல் காரியத்தை முடிப்பான் என்கிறார். எழுத்துக்கூட்டிப் பார்க்காதவரை இது பிடிபடாது.

கேள்வி: ஜே-ஸீயோட 'பிசினஸ்மேன்' வரியைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்களே, அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: எனக்குப் பெரிய விஷயம்தான். கான்யே வெஸ்ட்டின் 'டைமண்ட்ஸ் ஃப்ரம் சியரா லியோன்' ரீமிக்ஸில், 2005இல் வந்தது: 'ஐ ஆம் நாட் எ பிசினஸ்மேன், ஐ ஆம் எ பிசினஸ், மேன்.' முதலில் ஒரே சொல், தொழிலதிபர். அடுத்த நொடியே அதை உடைத்து 'நானே ஒரு தொழில்தான்ப்பா' என்கிறார். நடுவில் விடுகிற சின்ன இடைவெளிதான் எல்லாம்.

நம் அணி இலக்கணத்தில் இது பிரிமொழிச் சிலேடை. பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தப் பாடிய வெண்பாவில் காளமேகம் 'பிண்ணாக்கும் உண்டாம்' என்கிறார். எள்ளை ஆட்டினால் மிஞ்சுவது பிண்ணாக்கு. பாம்புக்கு இருப்பது பிள் நாக்கு, பிளவுபட்ட நாக்கு. சொல்லை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் வித்தை. புரூக்ளின் மார்சி குடியிருப்பில் வளர்ந்தவர் ஜே-ஸீ. இளவயதில் போதைப்பொருள் விற்றதைத் தானே பாடியிருக்கிறார். இந்த வரி வந்தபோது டெஃப் ஜாம் இசை நிறுவனத்தின் தலைவர். இதெல்லாம் தெரிந்து கேட்கும்போது அந்த ஒற்றை இடைவெளிக்குள் ஒரு வாழ்க்கையே தெரிகிறது. சொல்விளையாட்டும் வாழ்க்கையும் இப்படிச் சேரும் இடத்தைத்தான் நான் உயர்ந்த ராப் என்று சொல்வேன்.

கேள்வி: கெண்ட்ரிக் லமாரின் 'ஸ்விம்மிங் பூல்ஸ்' குடியைக் கொண்டாடும் பாட்டா? எங்க ஹாஸ்டல்ல பார்ட்டின்னாலே அதுதான்.

பதில்: இல்லை. 2012இல் வந்த நாளிலிருந்து இப்படித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். கோரஸ் உங்களைக் குடிக்கத் தள்ளுகிறது, ஏனென்றால் அது பார்ட்டியில் பக்கத்தில் நின்று ஏற்றிவிடும் கூட்டத்தின் குரல். முதல் பத்தியில் அவருடைய தாத்தா வருகிறார். சிகாகோவில் அவர் தினமும் 'பேக்ஸ்ட்ரோக்' அடித்தாராம், அதாவது மல்லாந்த நீச்சல். நீச்சல்குளம் முழுக்க மது என்று உருவகம் போட்டாகிவிட்டது. அதில் மல்லாந்து கிடப்பவர் நீந்துகிறாரா, போதையில் விழுந்து கிடக்கிறாரா? இரண்டும்தான் என்பது என் வாசிப்பு. அடுத்த பத்தியில் குரலே மாறி, கெண்ட்ரிக்கின் மனசாட்சி பேசத் தொடங்குகிறது. அடுத்த பார்ட்டியில் அந்த இடத்தை மட்டும் ஒரு தடவை நின்று கேளுங்கள்.

கேள்வி: பாட்டுல 'சுட்டேன், கொன்னேன்'னு வந்தா அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரிதானே?

பதில்: இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகளைச் சாட்சியமாக வைத்து வழக்காடுகிறார்கள். கலிபோர்னியாவில் 2022இல் இதற்காகவே ஒரு சட்டம் வந்தது: பாடல் வரிகள் ஜூரியின் மனத்தில் தப்பெண்ணத்தை விதைக்குமா என்று நீதிபதி முதலில் எடைபோட வேண்டும்.

ராப் போட்டியில் 'கொன்றேன்' என்றால் வென்றேன். கச்சேரி முடிந்து 'மனுஷன் கொன்னுட்டார்' என்று நாமும் சொல்கிறோமே. அதைவிட முக்கியம், 'நான்' என்று பேசுவது யார் என்பது. 1996இல் நாஸ் பாடிய 'ஐ கேவ் யூ பவர்' பாட்டில் பேசுவது ஒரு துப்பாக்கி. கை மாறி மாறிப் போய், கொன்று கொன்று சலித்து, கடைசியில் வேண்டுமென்றே சுட மறுக்கும் துப்பாக்கி. அந்த 'நான்' நாஸ் இல்லை. குறுந்தொகையைப் பிரித்தால் பாட்டோடு 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறிப்பு இருக்கும். ஔவையார் பாடினாலும் பேசுவது தலைவி என்று நமக்குக் குழப்பமே வராது. ராப்பில் அந்தக் குறிப்பை யாரும் எழுதித் தருவதில்லை, கேட்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கறுப்பின இளைஞன் பாடினால் மட்டும் 'நான்' என்றதெல்லாம் வாக்குமூலம் ஆவது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

கேள்வி: பாட்டு முழுக்க ஒரே உருவகம் வருமா?

பதில்: காமன் (Common) என்ற ராப்பரின் 'ஐ யூஸ்ட் டு லவ் ஹெர்', 1994. பத்து வயதில் சந்தித்த பெண்ணைப் பற்றிய காதல் கதை மாதிரியே போகும். அவள் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிறாள், மாறுகிறாள், பணத்துக்காக வேஷம் கட்டுகிறாள். நான் இவ்வளவு நேரம் பேசியது ஹிப்-ஹாப்பைப் பற்றி என்று கடைசி வரியில்தான் சொல்வார். உவமை உருபு எங்குமே இல்லை, கதையே உவமை. மேற்குக் கரைக்காரர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது: அந்தப் பக்கத்து ராப்பர் ஐஸ் க்யூப் மறு வருடமே பாட்டில் திருப்பி அடித்தார்.

கேள்வி: அக்கா ஒருத்தர் எம்.ஐ.ஏ. பாட்டுல துப்பாக்கிச் சத்தம் வருதுன்னு திட்டுறாங்க. என்ன சொல்றது?

பதில்: 'பேப்பர் பிளேன்ஸ்' (2007) பாட்டைச் சொல்கிறார் போலும். கோரஸில் சொல் வர வேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடிக்கும், அடுத்து கல்லாப்பெட்டி திறக்கும் மணி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பிய தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. 'உங்க பணத்தைப் பிடுங்கத்தானே நாங்க வந்திருக்கோம், அப்படித்தானே நினைக்கிறீங்க' என்று குடியேறிகள் மீதான பயத்தையே எடுத்து வேஷமாகப் போட்டுக்காட்டுகிறார். தலைப்பில் உள்ள பேப்பர், விசா காகிதமும்தான். இந்தப் பாட்டின் உருவகம் சத்தத்தில் இருக்கிறது. சில தொலைக்காட்சிகள் அந்த வெடிச்சத்தத்தை மாற்றி ஒலிபரப்பியபோது குத்தலே போய்விட்டது. அக்காவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஜீனியஸ் தளத்தைப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. பாட்டு வரிகளுக்கு விளக்கக் குறிப்பு போடும் இணையதளம் அது. பாடியவரே எழுதிய குறிப்புகள் தனியாக அடையாளம் காட்டப்பட்டிருக்கும். மற்றவை ரசிகர்களின் ஊகம். முதலில் இரண்டு மூன்று தடவை காதால் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: 'தூக்கம் சாவுக்குச் சொந்தக்காரன்'னு நாஸ் பாடுறது ரகசியக் குறியீடுன்னு என் ஃபிரெண்டு சொல்றான், உண்மையா?

பதில்: தோண்டத் தோண்டக் குறியீடு கிடைத்துக்கொண்டே இருந்தால், அதைப் போட்டது பெரும்பாலும் தோண்டுகிறவர்தான். 1994இல் வந்த 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' வரி இது. தூக்கமும் சாவும் உறவு என்பது மிகப் பழைய எண்ணம். கிரேக்கர்கள் அவற்றை அண்ணன் தம்பி ஆக்கினார்கள். 'உறங்குவது போலுஞ் சாக்காடு' என்று குறளில் இருக்கிறது. வள்ளுவர் அதை நிலையாமையைச் சொல்ல வைத்தார். உறங்கி விழிப்பது போலப் பிறப்பு என்று அடுத்த அடியில் விழிப்பும் உண்டு. நாஸ் விழிப்பை முன்னால் கொண்டுவந்து 'நான் தூங்குவதே இல்லை' என்று தொடங்குகிறார். அவர் வளர்ந்த குயின்ஸ்பிரிட்ஜ், அமெரிக்காவிலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு. அந்தப் பாட்டில் வரும் தெருவில் கண் அசந்தவன் மறுநாள் இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த வரியை எழுதியவருக்கு அப்போது ஏறக்குறைய இருபது வயது, அவ்வளவுதான்.