படபடப்புக்கு காபிதான் காரணமா?

நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறதுக்கு காபிதான் காரணம்னு ஒன்றரை பக்கம் காபிய திட்டிட்டு கடைசி வரில போற போக்குல "இப்பல்லாம் சும்மா சும்மா பச்சரிசிய வாயில போட்டு மெல்லணும்போல இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க அம்மா, எனக்கு உங்க லெட்டர்ல அந்த ஒரு வரிதான் கவலையா இருக்கு.

காபியால வர்ற படபடப்பு குடிச்ச கொஞ்ச நேரத்துல வரும், சும்மா உக்காந்திருந்தாலும் வரும். உங்களுக்கு காலைல ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு பேப்பர் படிக்கும்போது ஒண்ணும் ஆகல, ஈரத்துணி பக்கெட்ட தூக்கிட்டு மொட்டமாடி ஏறும்போதுதான் நெஞ்சு அடிச்சுக்குது, மூச்சு வாங்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. 44 வயசு, பீரியட்ஸ் எட்டு நாள் போகுது, கட்டி கட்டியா வேற போகுது, கூடவே அரிசி மெல்ற ஆசை. இது எல்லாம் சேர்ந்தா எந்த டாக்டருக்கும் முதல்ல தோணறது ரத்தசோகைதான். ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கற ஹீமோகுளோபின் குறைஞ்சா அதே ஆக்சிஜன உடம்பு பூரா கொண்டுபோக ஹார்ட் வேகமா அடிச்சே ஆகணும், அதத்தான் நீங்க யூடியூப்ல யாரோ சொன்னத கேட்டுட்டு ஹார்ட் அட்டாக்னு நினைச்சு ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்க. இது உங்களுக்கு மட்டும் வர்ற அதிசயமும் இல்ல, 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்துச்சு.

மெடிக்கல் ஷாப்ல கேட்டு இரும்பு மாத்திரை வாங்கி மூணு மாசமா சாப்பிடறேன், ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொல்றீங்க. டெஸ்டே பண்ணாம மாத்திரை வாங்கினது ஒரு தப்பு, அத டிபன் முடிச்சு ரெண்டாவது காபியோட முழுங்கினது அதவிட பெரிய தப்பு. காபில இருக்கற பாலிஃபினால்ங்கற பொருள் இரும்ப பிடிச்சு வெச்சுக்கும், குடல் முழுசா எடுத்துக்க விடாது. சாப்பாட்டோட ஒரு கப் காபி குடிச்சாலே அந்த சாப்பாட்டுல இருந்து உடம்புக்கு போற இரும்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறையுதுன்னு அளந்தே பாத்திருக்காங்க, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குடிச்சாலும் அதே கதைதான், ஆனா சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்சா பாதிப்பு இல்ல. அதனால உங்க விடிகாலை முதல் டிகாஷன் காபிய நிம்மதியா குடிங்க, டிபனுக்கு பிறகு குடிக்கறதத்தான் ரெண்டு மணி நேரம் தள்ளி வைக்கணும். மாத்திரைய எலுமிச்சை ஜூஸோட போடலாம், பாலோடயும் கால்சியம் மாத்திரையோடயும் வேண்டாம்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். ஏகாதசி அன்னிக்கு காபி குடிக்காம இருந்தப்ப மண்டைய பிளந்தது பிரெயின் ட்யூமர் இல்லமா, தினம் கிடைச்ச கஃபீன் திடீர்னு நின்னா 12ல இருந்து 24 மணி நேரத்துல தலைவலி வரும், அவ்வளவுதான். அதுக்கு சாரிடான் போட்டேன் உடனே கேட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க, கேக்காம என்ன, அந்த அட்டைய திருப்பி பாருங்க, அதுலயும் கஃபீன் இருக்கு! விடணும்னா ஒரேடியா நிறுத்தாம வாரத்துக்கு அரை டம்ளர், அரை டம்ளரா குறைச்சுட்டே வாங்க. தூக்கம் வராததுக்கு சாயங்காலம் ஆறு மணி காபி ஒரு காரணம், குடிச்சதுல பாதி கஃபீன் பதினோரு மணிக்கும் ரத்தத்துல சுத்திட்டு இருக்கும். எலும்பு கரையும், கிட்னி போயிடும்னு ஃபார்வர்ட் மெசேஜ்ல வர்றதுக்கெல்லாம் நான் பதில் சொல்லப்போறதில்ல, நூறு வருஷம் முன்னாடியே நம்ம ஊர் பத்திரிகைங்க காபிய இப்படித்தான் திட்டிட்டு இருந்துச்சு, அதுக்காக எந்த வீட்டுலயும் ஃபில்டர பரண்ல ஏத்திடல. நல்லா இருக்கற ஒருத்தர் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரைக்கும் எடுத்துக்கலாம், சிக்கரி கலந்த பொடில நாலு சின்ன டம்ளர் குடிச்சு அத தாண்டறது கஷ்டம், சிக்கரில கஃபீனே கிடையாது.

இந்த வாரமே சிபிசி (ரத்த அணுக்கள், ஹீமோகுளோபின் அளவு பாக்கற டெஸ்ட்), பெரிட்டின் (உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டறது), தைராய்டு மூணும் எடுங்க, ஒரு இசிஜியும் எடுத்துடலாம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ போனாலே ரத்தசோகைதான். அது இருக்குன்னு தெரிஞ்சா மாத்திரைய மாத்தி போட்டுட்டு விட்டுடக்கூடாது, ரத்தம் எங்க போகுதுன்னு பாக்கணும். கர்ப்பப்பைல ஃபைப்ராய்டு (புத்துநோய் இல்லாத தசைக்கட்டி) இருக்கான்னு ஸ்கேன் பண்ணணும், மகப்பேறு டாக்டர்கிட்ட கூச்சப்படாம ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், எவ்வளவு பெரிய ரத்தக்கட்டின்னு சொல்லணும், "வயசானா அப்படித்தான்"னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றத அங்க போய் சொல்லாதீங்க. உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயக்கம் போட்டாலோ, நெஞ்சு வலிச்சாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைஞ்சாலோ டெஸ்ட் ரிசல்ட்டுக்கு காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.