அல்பர்னி இன்லெட்டில் சால்மன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, ஜூலையில் கனடாவின் வான்கூவர் தீவுக்கு வருகிறோம். அல்பர்னி இன்லெட்டில் என்ன மீன் கிடைக்கும்?

பதில்: ஜூலை என்றால் சாக்கை என்கிற சால்மன்தான். பார்க்லி சவுண்ட் என்கிற விரிகுடாவிலிருந்து போர்ட் அல்பர்னி ஊர் வரை கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் உள்ளே போகிற ஒடுங்கிய கடல்வாய் அது. அதன் முடிவில் சோமாஸ் ஆறு வந்து விழுகிறது. ஸ்ப்ரோட், கிரேட் சென்ட்ரல் ஏரிகளுக்கு முட்டையிடப் போகும் சாக்கை முழுக்க இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். சினூக், கோஹோ இரண்டும் வேறு சால்மன் வகைகள்; பெரிய சினூக் வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள், கோஹோவுக்கு செப்டம்பர்.

கேள்வி: சாக்கை கூனிப்பொடி தின்கிற மீனாயிற்றே, தூண்டிலில் எப்படி மாட்டும்?

பதில்: மாட்டும், ஆனால் அவசரப்படக் கூடாது. சின்ன இளஞ்சிவப்பு ஹூச்சி (குஞ்சம் வைத்த ரப்பர் போலி இரை), அதற்கு முன்னால் ஒரு ஃபிளாஷர் (தண்ணீரில் சுழன்று மினுங்கும் தகடு), இரண்டுக்கும் நடுவே சினூக்குக்குக் கட்டுவதைவிடக் குட்டையான தூண்டில் நரம்பு. அப்புறம் டவுன்ரிக்கர் (தூண்டிலை எடைக்குண்டால் ஆழத்துக்கு இறக்கும் கருவி) கம்பியில் முள்ளே இல்லாமல் இன்னும் சில ஃபிளாஷர்களைத் தொங்கவிடுங்கள், கூட்டமாகப் போகிற மீன் அந்த மினுமினுப்பைப் பார்த்து நெருங்கி வரும். விடியலில் 10 மீட்டர் ஆழம், வெயில் ஏற ஏற இன்னும் கீழே. கோஹோவுக்கு ஓட்டுகிற வேகத்தில் படகை ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது, மெதுவாக, மிக மெதுவாக.

கேள்வி: போன கோடையில் சவுண்டர் (நீருக்கடியில் மீனைக் காட்டும் கருவி) திரை முழுக்க மீன், ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ஏன்?

பதில்: வெயில் கடுமையான வாரமாக இருந்திருக்கலாம். ஆற்று நீர் 20 டிகிரியைத் தொட்டால் சாக்கை மேலேறத் தயங்கி, இன்லெட்டிலேயே குளிர்ந்த நீரைத் தேடிக் கீழே இறங்கி நிற்கும். ஆனால் இந்த இன்லெட்டின் அடியில் ஆக்சிஜன் குறைவு. மேலே சூடு, கீழே மூச்சுக்குக் காற்றில்லை, நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் நாள்கணக்கில் மழைக்காகக் காத்து நிற்கிற மீனுக்கு வாய் திறக்கிற மனமே இருக்காது. அந்த மாதிரி வாரங்களில் மீனைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவதை விளையாட்டாகச் செய்யாதீர்கள், தயவுசெய்து. சூடான மேல்நீரில் இழுபட்டுக் களைத்த மீன், நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும் பிழைப்பது சந்தேகம். அனுமதித்த எண்ணிக்கை கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

கேள்வி: சினூக்கா கோஹோவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாயைப் பாருங்கள். கீழ்த்தாடையில் பல் முளைக்கும் ஈறு கறுப்பாக இருந்தால் சினூக், வெளுப்பாக இருந்தால் கோஹோ. வாலின் இரண்டு பாதியிலும் புள்ளி இருந்தால் சினூக், மேல்பாதியில் மட்டும் என்றால் கோஹோ. தண்ணீரிலிருந்து தூக்குவதற்கு முன்பே பார்த்துப் பழகுங்கள்.

கேள்வி: லைசென்ஸ், முள் விதிகள்?

பதில்: கடல்நீருக்கான கனடா மத்திய அரசு லைசென்ஸ், அதோடு சால்மனை வைத்துக்கொள்ள சால்மன் முத்திரை. முள்ளில் எதிர்க்கொக்கி (மீன் நழுவாமல் பிடிக்கும் பின்முனை) இருக்கக் கூடாது, குறட்டால் நசுக்கிவிட்டால் போதும். திறப்பும் எண்ணிக்கையும் சீசன் நடுவிலேயே மாறும், கிளம்புகிற அன்று காலை மீன்வளத் துறை அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி: சின்னப் படகு போதுமா?

பதில்: காலையில் போதும். கோடை மதியத்தில் கடலிலிருந்து காற்று இன்லெட்டுக்குள் ஏறும், அலை எழும்பும். அதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தால் சதை குழைந்துவிடுகிறது அண்ணா.

பதில்: பிடித்தவுடன் தலையில் தட்டி, செவுளை வெட்டி, ரத்தம் முழுக்க வடிய விடுங்கள், பிறகு நொறுக்கிய ஐஸில் புதையுங்கள். வெயிலில் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தால் எந்த மீனும் குழையத்தான் செய்யும்.