அந்த மனுவில் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். மகள் அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு மாதம் முன்பு சத்துணவுக்குப் புதிதாக ஒரு சமையலர் வந்தார். எங்கள் ஊர் காலனிக்காரர். மறுவாரமே இருபது பிள்ளைகள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ‘சமையல் சுத்தமில்லை, வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும்’ என்று ஒரு மனு சுற்றுகிறது. என் மகள் அங்கேதான் சாப்பிடுகிறாள், ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் கணவர் வீட்டுச் சொந்தங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. “பிள்ளை எங்கே சாப்பிடணும்ங்கறது பெத்தவங்க இஷ்டம், இதில் தீண்டாமை எங்கே வந்தது?” என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போடட்டுமா, வேண்டாமா?

(பெயரும் ஊரும் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

போடாதீர்கள்.

உங்கள் சொந்தங்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கும் அரசாங்கம் வலுக்கட்டாயமாக ஊட்டிவிட முடியாது. டிபன் பாக்ஸ் கொண்டுவருவது குற்றமும் இல்லை. ஆனால் அந்த மனு டிபன் பாக்ஸுக்கு அனுமதி கேட்கவில்லையே. அந்த அம்மா அங்கே அடுப்பே மூட்டக்கூடாது என்கிறது. என் பிள்ளைக்கு வேண்டாம் என்பது இஷ்டம். உங்கள் மகளுக்கும் அவர் சமைக்கக்கூடாது என்பதை எந்த இஷ்டத்தில் சேர்ப்பது?

இந்த ‘பெற்றவர்கள் இஷ்டம்’ நம் ஊரில் நூறு வருஷப் பழசு. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனிப் பந்தி என்று தெரிந்தபோது, அதை நடத்திய வ.வே.சு. ஐயர் சொன்ன காரணமும் இதேதான்: பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கெட்ட மனிதரில்லை, நாட்டுக்காக எவ்வளவோ இழந்தவர். ஆனால் அந்தக் குருகுலத்துக்குக் காங்கிரஸ் கமிட்டி பணம் கொடுத்திருந்தது. ஊர்ப் பணத்தில் நடக்கும் பந்தியில் ஒரு வீட்டு வழக்கம் எப்படிச் செல்லும் என்று, அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். 1925ல் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்ட சண்டை அது. அன்றைக்குத் தகராறு யார் பக்கத்தில் உட்காருவது என்பதில். பந்தி ஒன்றாகிவிட்டது. தகராறு மட்டும் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சுத்தத்துக்கு வருகிறேன். நிஜமாகவே சுத்தமில்லை என்றால் புகார் கொடுப்பது உங்கள் உரிமை மட்டுமில்லை, கடமையும்கூட. எந்தத் தேதி, சோற்றில் என்ன கிடந்தது, எந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது என்று எழுதுங்கள். பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பார்த்தாரா என்று கேளுங்கள். உங்களிடம் வந்த மனுவில் ஒரு தேதியாவது இருந்ததா?

உங்கள் சொந்தங்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ரேஷன் கடையில் அரிசி மூட்டையை இறக்கியது யார், பிரித்தது யார், எடை போட்டது யார் என்று என்றைக்காவது விசாரித்தது உண்டா? அதே அரிசி உலையில் வெந்து சோறானதும் கை யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது. அரிசிக்கு ஒட்டாத அழுக்கு சோற்றுக்கு மட்டும் ஒட்டுமா? ஒட்டும் என்று நம்ம தாத்தா பாட்டி நம்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சுத்தம் இல்லை, தீட்டு.

இந்தக் கதை இதற்கு முன்னால் எப்படியெல்லாம் போனது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2018ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், சொந்த ஊர்ப் பள்ளிக்கே மாறுதல் வாங்கி வந்த ஒரு சமையலரை எதிர்த்துப் பெற்றோர்கள் மறித்தார்கள். அதிகாரிகள் பிரச்சினை செய்தவர்களை விட்டுவிட்டு அவரை மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023ல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் காலை உணவுத் திட்டத்துக்கு இதே கதி. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்தில்தான் எட்டயபுரம்; 1956ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்த ஊர். எம்.பி. வந்து சாப்பிட்டது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேமராக்கள் அன்றைக்கே கிளம்பிவிடும். மறுநாள் காலையில் ஊரில் இருப்பது உங்களைப் போன்றவர்கள்.

பட்டியல் சாதியினருக்கு முன்னுரிமை கொடுத்துச் சமையலர்களை நியமிக்க வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு சமூகப் புறக்கணிப்பும் வன்கொடுமைச் சட்டத்தில் குற்றம். கையெழுத்துப் போட்டவர்களிடம் இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள். பாதிப் பேர் யோசிக்காமல் போட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் எழுத எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டிலும் “அங்கே சாப்பிடாதே” என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். முட்டை போடும் நாளில் மட்டும் தயிர்சாத டப்பாவைப் பக்கத்துப் பையனிடம் தள்ளிவிட்டு, அவன் தட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பேன். பல வருஷம் இதைக் குறும்பு என்றுதான் சொல்லித் திரிந்தேன். மற்ற நாள்களில் அந்த ஆயா என்னைத் தாண்டிப் போகும்போது என்ன நினைத்திருப்பார் என்று தோன்றியதே இல்லை.

வீட்டில் நீங்கள் தனியாக நின்று சண்டை போட வேண்டியதில்லை. “எம் பொண்ணு தெனமும் அங்கதான் சாப்பிடறா, சுத்தமில்லைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?” என்று மட்டும் சொல்லுங்கள். பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதற்கு மாமியாரால்கூடச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் மதியம் நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டில் உங்களுக்குச் சமைக்க வேண்டாம். தட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.